பச்சைப் பாம்பை யாரிடம் கொடுப்பது?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யை எழுதியவள் நான். அதன் அடியில் கையெழுத்துப் போட்டவள் என் அக்கா. படிக்காமல் போட்டாள். அது தன் தப்பு என்று அவள் சொல்கிறாள். இல்லை, என் தப்புதான் என்று சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வருடமாக வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். எங்கள் தொழிலில் ஒரு பக்கம் முடிவதற்குள் யாருக்காவது ஏதாவது நடந்தாக வேண்டும். கதவு தட்டப்பட வேண்டும். இல்லையென்றால் போன் அடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒருத்தி மயங்கியாவது விழ வேண்டும். ஒன்றுமே நடக்காத பக்கத்தைப் பார்த்தால், உப்புப் போட மறந்த சமையலைப் பார்த்ததுபோல என் கை தானாக டப்பாவைத் தேடிப் போகும்.

இந்தக் கதைக்கும் அப்படித்தான் ஆரம்பங்கள் வந்தன.

"காலை எட்டு நாற்பது. கதவு மெல்லத் திறந்தது. அறைக்குள் இருந்த பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு —"

(வேண்டாம். இது கொலைக் கதை.)

"அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. கணக்கு டீச்சர். மாநிறம். கோபம் குறைவு. அவளுக்கு —"

(இது வரன் தேடும் விளம்பரம். அக்காவுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், ஈசிசேரில்.)

ஆகவே ஆரம்பம் இல்லாமலே ஆரம்பிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.*

* இந்தக் கதையின் முதல் பிரதியை அக்காவிடமே படிக்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். அவள் ஓரத்தில் எழுதியவற்றை அழிக்காமல் அப்படியே தருகிறேன். முதல் குறிப்பு இது: "மாநிறம் எதுக்கு? அடிச்சுடு."

2

அக்கா கையில் ஒரு தாள். அவள் துணைத் தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வர விரும்புகிறவர்கள் ஒரே ஒரு கேள்விக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் பதில் எழுதித்தர வேண்டுமாம். 'தலைமைப் பொறுப்பை ஏற்க நீங்கள் ஏன் விரும்புகிறீர்கள்?'

"என்னடி கேள்வி இது? முப்பத்தஞ்சு பேருக்கு டைம்டேபிள் போடத் தெரியுமான்னு கேட்டா பதில் சொல்லலாம். ஏன் விரும்புறன்னு கேட்டா?"

"சரி, ஏன் விரும்புற?"

அக்கா கூடத்தை எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் டிவிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய குரல் இறங்கியது.

"அந்த நோட்டை இன்னொருத்தர் கையில கொடுக்கணும்டி."

"எந்த நோட்டை?"

"பச்சை நோட்டை."

"அதுக்காகவா ஹெச்.எம். ஆகணும்?"

"அதுக்காகத்தான். எழுத முடியுமா இதை?"

முடியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

பச்சை நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் தினமும் இரண்டு மூன்று ஆசிரியர்கள் வரமாட்டார்கள். காய்ச்சல், கல்யாணம், கோர்ட்டு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அவர்களுடைய வகுப்புகள் ஆள் இல்லாமல் கிடக்கக் கூடாது. அந்த நேரத்தில் வேலை இல்லாத வேறு ஆசிரியர் யாராவது போய் உட்கார வேண்டும். யார் எங்கே போவது என்று எழுதி, அவரவரிடம் கையெழுத்து வாங்கும் நோட்டுதான் அது. வருடத்துக்கு ஒரு நோட்டு, அட்டை மட்டும் எப்போதும் பச்சை. அந்தப் பள்ளியின் வழக்கப்படி அது துணைத் தலைமை ஆசிரியரின் சொத்து. பன்னிரண்டு வருடமாக அக்காவின் கையில் இருக்கிறது.

காலையில் ஆவி பறக்கும் டீயை வைத்துக்கொண்டு 'அப்பாடா, முதல் பீரியட் நமக்கு இல்லை' என்று சாய்கிற ஒருவரிடம் போய், "எட்டு பி-க்குப் போறீங்களா?" என்று கேட்பதுதான் வேலை. நோட்டுக்கு ஆசிரியர் அறையில் பச்சைப் பாம்பு என்று பெயர். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள். அதனாலோ என்னவோ, காலை எட்டு நாற்பதுக்கு யாரும் அக்காவின் கண்ணைப் பார்ப்பதில்லை.

"ரெண்டு ஹெச்.எம். கிட்ட கேட்டுப் பாத்துட்டேன், இதை வேற யாருக்காவது மாத்திக் கொடுங்கன்னு. 'உங்களை மாதிரி யாரும் பண்ண மாட்டாங்க டீச்சர்'னு ரெண்டு பேரும் ஒரே வசனம். பாராட்டு மாதிரி ஒரு தண்டனை உலகத்துலயே கிடையாதுடி."

"இப்ப போட்டிக்கு யாரு?"

"ஆசிட் சார்."

வேதியியல் ஆசிரியர். நாற்பது பக்க வண்ணக் கோப்பு ஒன்று தயாராகிவிட்டதாம்.

"அவர் வந்தா நோட்டு என்னைவிட்டுப் போகாது. இன்னும் ஒன்பது வருஷம். நானும் அதுவும் ஒண்ணாத்தான் ரிட்டயர் ஆகணும்."

3

முதல் நகல் எழுதினேன். 'சிறு வயதிலிருந்தே ஒரு கல்விக்கூடத்தை வழிநடத்த வேண்டும் என்பது என் கனவு.'

அக்கா படித்துவிட்டு, "சின்ன வயசுல நான் கண்டக்டர் ஆகணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், விசில் ஊதலாம்னு. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

இரண்டாம் நகல். 'ஆசிரியராக வாழ்ந்து மறைந்த என் தந்தையின் —'

"அப்பா தையல் மெஷின் ரிப்பேர் பண்ணாருடி!"

"ஒரு பேச்சுக்கு..."

"மறையவும் இல்ல. நேத்துகூட எனக்குப் போன் பண்ணி, கண்ணாடியை எங்க வச்சேன்னு என்னைக் கேக்குறாரு."

மூன்றாம் நகலில்தான் சனி பிடித்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணை உட்காரவைத்தேன். நன்றாகப் படிக்கிறவள். திடீரென்று வருவதை நிறுத்திவிடுகிறாள். அக்கா அவள் வீட்டைத் தேடிக்கொண்டு நான்கு மாடி ஏறிப் போகிறாள். கதவைத் தட்டுகிறாள். (பார்த்தீர்களா, தட்டியாயிற்று.) கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை, அவளுடைய தம்பி. 'அம்மா வேலைக்குப் போயிட்டாங்க டீச்சர்' என்கிறாள். அடுத்த நாளிலிருந்து குழந்தையோடு வகுப்புக்கு வர அக்கா அவளுக்கு அனுமதி கேட்கிறாள். அப்போதைய தலைமை ஆசிரியர் மறுத்துவிடுகிறார். அன்றைக்குத்தான் அக்கா முடிவு செய்கிறாள், ஒருநாள் அந்த நாற்காலியில் —

எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. தட்டச்சுப் பலகையில் ஒரு சொட்டு விழுந்து 'ழ' இரண்டு நாள் வேலை செய்யவில்லை.*

அக்கா கண் கலங்கவில்லை. "அப்படி யாரும் இல்லையேடி" என்றாள்.

"இருந்திருக்கலாம் இல்ல?"

"எத்தனையோ பேர் வராம நின்னாங்க. போன் பண்ணினேன். சில பேர் வந்தாங்க, சில பேர் வரல. அவ்வளவுதான். இதை எடுத்துடு. இருபத்தாறு வருஷம் வேலை பாத்திருக்கேன், இந்த வேலை எனக்குத் தெரியும், ஒழுங்கா செய்வேன்னு எழுது. போதும்."

அப்படியே நான்காம் நகல் எழுதினேன். பதினோரு வரி. யாரும் அழவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. படித்துப் பார்த்தால் மின்வாரியத்துக்கு எழுதிய புகார் மாதிரி இருந்தது.

* அக்கா: "பொய். காபி கொட்டின. உன் வீட்டுக்காரர் சொன்னாரு."

4

கடிதம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் நானே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். எட்டு முப்பத்தெட்டு. ஆசிரியர் அறை. நடுவில் நீண்ட மேசை, மேல் முழுக்கத் திருத்தாத விடைத்தாள் கட்டுகள், ஒரு மூலையில் தண்ணீர் கேன், சுவரில் யாரும் எழுதாத ஒரு கரும்பலகை. அதில் போன வருடத்து வாழ்த்து ஒன்று பாதி அழிந்து கிடந்தது.

அக்கா பச்சை நோட்டோடு உள்ளே நுழைந்தாள். அதன்பின் நான் பார்த்ததை எந்தக் கதையில் எழுதினாலும் நம்பமாட்டார்கள்.

மொழி ஆசிரியை அலமாரிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அலமாரி காலி. பி.டி. மாஸ்டர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு. ஆசிட் சார் அறையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இன்னைக்கு மட்டும் எட்டு பி —"

"கையில ஆசிட் இருக்கு டீச்சர்! கிட்ட வராதீங்க!"

அது தண்ணீர் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அக்கா மேசைக்குத் திரும்பினாள். யாரையும் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, எட்டு பி-க்கு நேராகத் தன் பெயரையே எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொண்டு வந்தியா? சீக்கிரம் கொடு, மணி அடிச்சிடும்."

என் பைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. மூன்றாம் நகல். நான்காம் நகல்.

(இந்த இடத்தில் 'கை தவறிவிட்டது' என்று எழுதியிருந்தேன். ஒரு ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. இப்போது எடுத்துவிடுகிறேன்.)

கை தவறவில்லை. எது எது என்று எனக்குத் தெரியும். பதினோரு வரியை வைத்துக்கொண்டு நாற்பது பக்க வண்ணக் கோப்பை ஜெயிக்க முடியாது என்று நினைத்தேன். செருப்புக்கு லேஸ் கட்டுகிற கூட்டத்தைப் பார்த்த கோபமும் இருந்தது. அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பி மூன்றாம் நகலை நீட்டினேன்.

அக்கா பச்சை நோட்டை இடது கையில் ஏந்தி, அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களின் விடுப்புக் கடிதத்தைப் படித்து, 'போன வருஷமே உங்க பெரியப்பா இறந்துட்டாரே சார்' என்று கேட்கிறவள், தன் கடிதத்தைப் படிக்கவில்லை. தங்கை எழுதியது என்று போட்டாள்.

மணி அடித்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் எட்டு பி-க்கு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

5

இந்த இடத்தில் தொடர்கதையாக இருந்தால் 'தொடரும்' போட்டுவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். நிஜத்தில் பத்து நாள் நிம்மதி இல்லாமல் இருந்தேன்.

எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம். ஒரு நோட்டைத் தள்ளிவிடுவதற்காக ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கே தலைவியாக வர நினைப்பாளா? வாசகர்கள் ஏற்பார்களா? பெரிய காரியத்துக்குப் பெரிய காரணம் வேண்டாமா? இதை என் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். "நீங்க எதுக்கும்மா எழுத வந்தீங்க?" என்றார். எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கணக்கு நன்றாக வந்தது, எனக்கு வரவில்லை, கணக்கு இல்லாத வேலையாகத் தேடினேன். இதை எந்தப் பேட்டியிலும் நான் சொன்னதில்லை. பேட்டிகளில் மழையைப் பற்றிச் சொல்வேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அழைக்கப்பட்டவர்கள் இரண்டே பேர்: அக்கா, ஆசிட் சார். திங்கட்கிழமை மூன்று மணி.

அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நான்கு தடவை போனை எடுத்தேன். நான்கு தடவையும் "என்னடி?" என்றாள். "சும்மாதான்" என்றேன்.

6

நான் அந்த அறையில் இல்லை. அக்கா வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். மேசை, மூன்று பேர், ஒரு மின்விசிறி. (முதல் பிரதியில் விசிறி 'விதியைப் போலச் சுழன்றது'. அக்கா அடித்துவிட்டாள்.)

நடுவில் தேர்வுக் குழுத் தலைவர். இடப்பக்கம் பெற்றோர் சார்பில் ஒருவர், கடைசிவரை வாயே திறக்கவில்லை. வலப்பக்கம் வேறொரு பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர்.

தலைவர் கையில் கடிதம். அவர் கைக்குட்டையை வேறு எடுத்துவிட்டாராம்.

"ரொம்ப உருக்கமா எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றாங்க?"

"எந்தப் பொண்ணுங்க?"

"அதான், கடைசி பெஞ்ச் பொண்ணு. கைக்குழந்தையோட. நீங்க நாலு மாடி ஏறிப் போய்..."

அக்கா என்னிடம் சொன்னாள்: "நாலு மாடின்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சுடி. என் முழங்காலுக்கு நாலு மாடியா?"

இந்த இடத்தில் என் கதாநாயகிகள் யாராக இருந்தாலும் ஒரு பெருமூச்சு விட்டு, 'அவள் இப்போது நர்ஸாக இருக்கிறாள் ஐயா' என்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு வாக்கியம். நாற்காலி கிடைத்துவிடும். நோட்டு போய்விடும். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

"ஒரு நிமிஷம் தோணுச்சா அக்கா?"

"தோணாம இருக்குமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம், அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனைன்னெல்லாம் கேப்பாங்க. உன்னை மாதிரி எனக்கு ஓட்டத் தெரியுமா?"

அக்கா அவர்களிடம் சொன்னது இது:

"சார், அப்படி ஒரு பொண்ணு இல்லீங்க. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். என் தப்பு. அந்தக் கடிதத்தைத் தள்ளி வச்சிடுங்க. என்னையும் தள்ளுறதுன்னா தள்ளிடுங்க."

தலைவர் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார். "அப்ப இதை எழுதினது யாரு?"

இதைச் சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சொன்ன?"

"வீட்டுல ஒரு ஆள் இருக்கு, சும்மா இருக்கச் சொன்னா கேக்காதுன்னு சொன்னேன்."

அந்த ஓய்வு பெற்ற அம்மாள் சிரித்துவிட்டாராம். "சரி, கடிதம் போகட்டும். நீங்களே சொல்லுங்க. எதுக்கு ஹெச்.எம். ஆகணும்?"

அக்கா தன் பையைத் திறந்து பச்சை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதை இன்னொருத்தர் கையில கொடுக்கணுங்க."

தலைவருக்குப் புரியவில்லை. அம்மாளுக்குப் புரிந்தது. நோட்டை இழுத்துப் பிரித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம்.

"பாதிக்குப் பாதி ஒரே கையெழுத்தா இருக்கே. யாரு இது?"

"நான்தாங்க."

"அடுத்தவங்களை அனுப்புறதுதானே உங்க வேலை?"

"மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போறவங்க, பசங்ககிட்டயும் அந்த மூஞ்சியைத்தானே காட்டுவாங்க? அதுக்கு நானே போயிடலாம்னு போயிடுவேங்க. முட்டிதான் கேக்க மாட்டேங்குது."

"நீங்க ஹெச்.எம். ஆனா, இந்த நோட்டை யார் கையில கொடுப்பீங்க?"

அக்கா அங்கேதான் தடுமாறிவிட்டாள். பன்னிரண்டு வருடமாக இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தவள், யாரிடம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"தெரியலைங்க. யார்கிட்ட கொடுத்தாலும் நாளைக்கு அவங்களைப் பாத்து எல்லாரும் ஓடுவாங்க. பாவமா இருக்கு."

அம்மாள் நோட்டை மூடினார். "இதை ரெண்டு நாள் நான் வச்சுக்கலாமா?"

7

அன்று மாலை அக்கா நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று என் வீட்டுக்காரர் முன்னேற்பாடாக மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"கை தவறி..." என்று ஆரம்பித்தேன்.

"தவறல" என்றாள் அக்கா.

"தவறல" என்றேன் நானும்.

அதைச் சொன்னதும் பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்து போய்விட்டது. அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது.

அக்கா செருப்பைக் கழற்றிப்போட்டு, முழங்காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என்மேல கோவமே இல்லையா?" என்றேன்.

"இருக்கு. அந்தப் பொண்ணுக்காக. இல்லாதவளைப் போய் எதுக்குடி அழ வச்ச? இடுப்புல குழந்தை வேற. அவளை அவ பாட்டுக்குக் கடைசி பெஞ்சில உக்கார விடக் கூடாதா?"*

பிறகு சிரித்தாள். அந்த மாதிரி அவள் சிரித்துப் பல வருடம் ஆகிறது. "எனக்கு என்னமோ இன்னைக்கே கிடைச்சுட்ட மாதிரி இருக்குடி. கிடைக்காதுன்னுதான் தோணுது. ஆனா கிடைச்சுட்ட மாதிரி இருக்கு. பை எவ்வளவு லேசா இருக்கு, தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தேன். ஒரு குடை, ஒரு மருந்துச் சீட்டு, சாப்பாட்டு டப்பா. அவ்வளவுதான்.

* இந்த வரிக்கு அக்கா சரி போட்டிருக்கிறாள். இந்தக் கதையில் அவள் சரி போட்ட ஒரே இடம்.

8

செவ்வாய்க்கிழமை. எட்டு நாற்பது. மூன்று ஆசிரியர்கள் வரவில்லை.

அக்கா வெறுங்கையோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். அலமாரி திறந்தது. மாஸ்டர் குனிந்தார். கண்ணாடிக் குழாய் உயர்ந்தது. எல்லாம் பழக்கதோஷம். பிறகுதான் அவளுடைய கையைப் பார்த்தார்கள்.

"டீச்சர், நோட்டு எங்க?"

"கமிட்டிகிட்ட."

"கமிட்டிக்கு எதுக்கு அது?" என்றார் ஆசிட் சார்.

"படிக்கிறாங்க சார். பக்கம் பக்கமா."

அந்த நோட்டில் யார் பெயர் எத்தனை முறை இருக்கிறது, யார் பெயர் இல்லவே இல்லை என்று அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

ஆசிட் சார் குழாயை மெதுவாக மேசைமேல் வைத்தார். (அதிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வைத்தார் என்று எழுத ஆசை. குடிக்கவில்லை.) நேராகச் சுவரிலிருந்த கரும்பலகைக்குப் போனார். பாதி வாழ்த்தைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்து, '8 பி, முதல் பீரியட்' என்று எழுதி, அதற்கு நேராகத் தன் பெயரை எழுதினார். எல்லாரும் பார்க்க, எல்லாருக்கும் தெரிகிற அளவில்.

பி.டி. மாஸ்டர் நிமிர்ந்தார். "அஞ்சு ஏ நான் பாத்துக்கிறேன்."

மொழி ஆசிரியை அலமாரியைச் சாத்தினார். "ஏழு சி எனக்கு."

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்கா முதல் பீரியடில் உட்கார்ந்து டீ குடித்தாள்.

"டீ சூடா இருந்தா நாக்கு சுடும்கிறதே மறந்துபோயிருந்துச்சுடி" என்றாள் போனில்.

"ஆசிட் சார் பயந்துபோய் எழுதினாரா, மனசு மாறி எழுதினாரா?" எனக்கு அது முக்கியமாகப் பட்டது. கதாபாத்திரத்துக்குக் காரணம் வேண்டும்.

"எதுவா இருந்தா என்னடி? எட்டு பி-ல ஆள் இருந்துது இல்ல?"

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். (கணினியில்தான் எழுதுகிறேன். ஆனாலும் கீழே வைத்தேன்.)

9

முடிவுக்கு வருவோம். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: அக்கா தலைமை ஆசிரியை ஆகிறாள். யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதிலாகக் கரும்பலகையைக் காட்டுகிறாள். பச்சை நோட்டு யார் கையிலும் இல்லை.

இரண்டாவது: ஆசிட் சார் ஆகிறார். இதை அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அக்கா அசரவில்லை. "வரட்டுமே. ஹெச்.எம். ரூம்ல லேப் கிடையாது. எங்க போய் ஒளிவாரு? பலகையில என் பேரைப் பாத்துட்டுதான் இனிமே அவரு தினமும் உள்ள வரணும். அதோட, பலகையில எழுதினதை இனிமே யாரும் என் பைக்குள்ள வைக்க முடியாது."

மூன்றாவது என் பத்திரிகை ஆசிரியர் சொன்னது: ஓய்வு பெற்ற அந்த அம்மாள்தான் உண்மையில் கடைசி பெஞ்ச் பெண்ணின் அம்மா. அக்கா இதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பது: "ரெண்டு பேரும் அடி வாங்குவீங்க."

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறைக்கவில்லை, நிஜமாகவே தெரியாது. குழுவின் முடிவு வெள்ளிக்கிழமை காலை. இந்த இதழ் அச்சுக்குப் போவது புதன்கிழமை மதியம். நீங்கள் இதைப் படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கே தெரிந்திருக்கும். எழுதியவளுக்குத் தெரியாமல் ஒரு கதை அச்சாவது எனக்கு இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் திடீரென்று விடுமுறை விட்டதுபோல இருக்கிறது.

ஆகவே, வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். என் வகுப்பு ஆள் இல்லாமல் கிடக்கக் கூடாது. பதிலுக்கு நீங்கள் போக வேண்டும்.

பயப்படாதீர்கள். முதல் தடவை போகிற இளம் ஆசிரியர்களிடம் அக்கா ஒன்று சொல்வாளாம்: "பாடம் நடத்தணும்னு இல்ல. போய் உக்காருங்க. ஆள் வந்திருக்குன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

உள்ளே போனால், கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருப்பாள். நான் கண்டுபிடித்தவள்தான். கைக்குழந்தையை அவள் இடுப்பிலிருந்து இறக்கி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் நடக்க வேண்டாம். ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தால், பார்க்கட்டும்.

பலகையில் எழுதிவிட்டேன்:

வராதவர்: இந்தக் கதையை எழுதியவள்
வகுப்பு: கடைசிப் பக்கம்
நேரம்: வெள்ளிக்கிழமை, முதல் பீரியட்
பதிலாகப் போகிறவர்: நீங்கள்
கையெழுத்து*:

* அக்கா: "படிச்சுட்டுப் போடுங்க."